வந்துட்டேம்மா, கத்தாதே

அன்று சாயந்திரம் அண்ணனின் குரலில் மூச்சு வாங்கியது.

அவளுக்கு அது காதில் விழுந்தது. மனதில் விழக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதிவு செய்து வைத்த குரல் அது. நேற்று சொன்னதைத்தான் இன்றும் சொல்லும், நேற்று எந்த இடத்தில் இழுத்ததோ அதே இடத்தில்தான் இன்றும் இழுக்கும். அதற்கு எப்படி மூச்சு வாங்கும்?

திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எப்போதும் போல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படி ஏறி வர்றான்ல," என்றாள் அம்மா. "அதான் இரைக்குது."

அண்ணன் இருந்த காலத்தில் அது ஒரு விளையாட்டு. சமையலறையிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள், கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அவன் "வந்துட்டேம்மா, கத்தாதே" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு அசையமாட்டான். அம்மாவைச் சீண்டுவதற்காக ஒருநாள் அதையே கம்ப்யூட்டரில் பேசி வைத்தான். ஆன் செய்து திரை முழுதாக வந்து நின்றதும் அது சொல்லும்: வந்துட்டேம்மா, கத்தாதே. அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "சோம்பேறி, பதில் சொல்லக்கூட ஆள் வெச்சுட்டியா?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

மழை தொடங்கிய சமயத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தான். எழுந்து வரவில்லை.

அதற்குப் பிறகு தினமும் பொழுது சாய்ந்ததும் அம்மா அண்ணனின் அறைக்கு வந்து உட்காருவாள். மகள் கம்ப்யூட்டரை ஆன் செய்வாள். பழைய பெட்டி அது. உள்ளே ஹார்ட் டிஸ்க் சோம்பல் முறித்துக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும், மாவரைக்கிற மாதிரி ஒரு முனகல் எழும், அதற்குள் கரகரவென்று யாரோ நகத்தால் பிறாண்டுகிற மாதிரி இன்னொரு சத்தம் கேட்கும், திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாக ஓடும், ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும், மேசைக்கு அடியிலிருந்து சுட்ட தூசியின் வாசனை மெதுவாக மேலே வரும். எல்லாம் முடிந்து படம் வந்து நிற்கும்போது குரல் வரும். அம்மா "சரிடா, மெதுவா வா" என்பாள். மகள் உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிடுவாள். அம்மா எழுந்து போய்ச் சமைப்பாள். இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தக் குரலால்தான்.

மூச்சு வாங்கிய மறுநாள் புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தன. டிஸ்க் மூன்று தரம் டக், டக், டக் என்று அடித்துக்கொண்டு நின்றது. கறுத்த திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் வந்தன.

அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. மகள் வைத்துக் கொடுத்த தட்டு மூடியபடியே இருந்து, காலையில் காய்ந்து போயிருந்தது.

"ஒரு வாய் சாப்பிடும்மா."

"அவன் வரட்டும்."

"அம்மா, அது வெறும் மிஷின்மா."

"தெரியும்டி சின்னவளே. எனக்கு என்ன பைத்தியமா? அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு அடுப்புப் பக்கம் போகவே தோணுது. என்ன பண்ணச் சொல்றே?"

சொல்லும்போது அம்மாவின் வளையல் முழங்கை வரைக்கும் சரிந்து இறங்கியது. மகள் அதை மறுபடி மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டாள். அண்ணனை அனுப்பியாகிவிட்டது. இனி ஒரு ஆளை அனுப்ப அவளிடம் தெம்பு இல்லை.

கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு, திருப்புளியின் கடைக்குப் போனாள்.

திருப்புளி அண்ணனுடைய சிநேகிதன். சட்டைப் பையில் எப்போதும் ஆணி கழற்றும் திருப்புளி ஒன்று செருகியிருக்கும் என்பதால் அந்தப் பேர். அவனுடைய அம்மாவே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பான். கடை ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. குனிந்துதான் உள்ளே போகவேண்டும்.

"தங்கச்சி, இந்த டிஸ்க் கடைசி மூச்சுல இருக்கு," என்றான் அவன், பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு. "பேசாம எஸ்எஸ்டின்னு சுத்தாத டிஸ்க் ஒண்ணு போட்டு விண்டோஸைப் புதுசா ஏத்திடலாம். குதிரை மாதிரி ஓடும்."

"புதுசு வேண்டாம்ணா. இதுல இருக்கிறது அப்படியே வேணும். அண்ணன் குரல் இருக்கு."

"அது ஒரு துளி பைல். அதை மட்டும் எடுத்து வெச்சுட்டாப் போச்சு."

டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டித் தேடினான். முதலில் விசிலடித்துக்கொண்டே தேடினான். பிறகு விசில் நின்றது. தேநீர் ஆறிப் போனது.

"ஆரம்பிக்கும்போது சத்தம் எதுவும் போடாதேன்னுதான் இதுல வெச்சிருக்கு," என்றான். "குரல் பைல்னு ஒண்ணுமே இல்லையே. உங்கண்ணன் எப்பவோ அழிச்சிருக்கான் பாரு."

"முந்தாநாள்கூடக் கேட்டோம்ணா."

"இதுல இல்லாதது எப்படிக் கேக்கும்?"

டிஸ்கை மறுபடி அண்ணனின் பெட்டியில் பொருத்தி ஆன் செய்தான். அவள் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தெருவில் ஒரு லாரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்ததால் உள்ளே என்ன சத்தம் கேட்டது என்று அவளுக்குத் தெரியாது. திருப்புளி சட்டென்று தலையைத் தூக்கி, தனக்கு மேலே இருந்த படிக்கட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்து, "யாரது?" என்று கேட்டது மட்டும் தெரிந்தது. அவனுடைய மேசையில் ஸ்பீக்கர் எதுவும் இல்லை. படிக்கட்டிலும் யாரும் இல்லை. அவள் எட்டிப் பார்த்தாள்.

அவன் சுவிட்சை அணைத்தான். விரலை அதன் மேலேயே வைத்திருந்தான்.

"இதை வீட்டுலயே பண்ணிக்கோ, தங்கச்சி," என்றான். "இங்கே வேண்டாம். நான் சொல்லித் தரேன்."

ஒரு புது எஸ்எஸ்டி கொடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புத் தகடு; ஆட்டினால் சத்தம் இல்லை, எடையே இல்லை. அதை மாட்ட ஒரு கேபிள் கொடுத்தான். கிளோன் செய்யும் புரோகிராம் உள்ள பென்டிரைவ் ஒன்றும் கொடுத்தான்.

"பழசுல எது எங்கே இருக்கோ அது அப்படியே புதுசுல வந்து உக்காந்துக்கும். பைலைத் தேடவே வேண்டாம். எதுல இருந்து எதுக்குன்னு மட்டும் நல்லாப் பாத்துக் குடு, மாத்திக் குடுத்தா எல்லாம் போயிடும். முடிஞ்சதும் பழசைக் கழட்டி வெச்சுட்டுத்தான் ஆன் பண்ணணும். இடையில நின்னா எனக்குப் போன் பண்ணு." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "அம்மாவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்காதே," என்றான்.

ஆனால் அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அவர்களுடையது மாடிவீடு. தெருவிலிருந்து ஒடுக்கமான படிக்கட்டு மேலே வரும். அது முடியும் இடத்தில் வாசல் கதவு. உள்ளே ஜன்னல் இல்லாத நீளமான நடை. அதன் ஒரு பக்கம் சமையலறை, கடைசியில் அண்ணனின் அறை. வெளியே மழை வருவதும் வராததுமாக இருந்தது. மத்தியானத்திலேயே அறைக்குள் சாம்பல் நிறம் இறங்கியிருந்தது.

பெட்டியின் பக்கத் தகடு திறந்து கிடந்தது. பென்டிரைவிலிருந்து புரோகிராம் கிளம்பியது. இதிலிருந்து, இதற்கு. மூன்று தரம் சரிபார்த்துவிட்டு அழுத்தினாள். திரையின் குறுக்கே ஒரு பச்சைக் கோடு எறும்பைப் போல் ஊர ஆரம்பித்தது. பழைய டிஸ்க் முனகிக்கொண்டே தன்னிடம் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது. வாங்கிக்கொண்ட புதுசோ மேசைமேல் சத்தமில்லாமல், சூடில்லாமல், விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டு கிடந்தது.

"இப்ப அவன் எதுல இருக்கான்?" என்றாள் அம்மா.

"ரெண்டுலயும்மா. கொஞ்சம் இதுல, கொஞ்சம் அதுல."

"அவனுக்கு வலிக்காதே?"

"அம்மா!"

"சும்மா கேட்டேன்டி. உன் அண்ணன் ஊசின்னாலே ஊரைக் கூட்டுவான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாள் கணக்கில் கேட்காத சிரிப்பு அது.

கோடு பாதியைத் தாண்டியபோது டிஸ்கின் முனகல் மாறியது. டக். ஒரு இடைவெளி. டக். எதையோ எடுக்கப் போய்க் கை நழுவுகிற மாதிரி, திரும்பப் போய் மறுபடி நழுவுகிற மாதிரி. பச்சைக் கோடு நின்றது. திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது: இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை. கீழே மூன்று பொத்தான்கள். மறுபடி முயல். விட்டுத் தொடர். நிறுத்து.

மறுபடி முயன்றாள். டக். மறுபடி. டக்.

போனில் திருப்புளியின் குரல் பின்னணியில் பஸ் சத்தத்தோடு வந்தது. "எத்தனை இடம் அப்படி?"

"தெரியலண்ணா. ஒண்ணைத் தாண்டினா இன்னொண்ணு வருது."

"நிறுத்திடு. இப்பவே நிறுத்து. விட்டுட்டுப் போனா, எது இல்லாம வரும்னு நமக்குத் தெரியாது. இதுக்குன்னே பெரிய இடம் இருக்கு, அவங்ககிட்ட குடுக்கலாம். பத்து நாள் ஆகும், அவ்வளவுதானே?"

போனை வைத்தாள்.

"என்ன சொல்றான்?" என்றாள் அம்மா.

"பத்து நாள் ஆகுமாம்."

அம்மா தலையை ஆட்டினாள். கட்டிலைப் பிடித்து எழுந்தாள், நின்றாள், கால் மடங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் பதிந்த அந்தக் கையை மகள் பார்த்தாள். பத்து நாள்.

யாருக்கு எல்லாம் வேண்டும்? அந்த டிஸ்கில் என்னென்னவோ கிடக்கும். பாதி பார்த்த படம், பழைய கேம், யாருக்கோ எழுதிய விண்ணப்பம். அதில் ஒரு துண்டு, இரண்டு துண்டு போனால் யாருக்குத் தெரியப் போகிறது? குரல் வந்தால் போதும்.

விட்டுத் தொடர் என்பதன் பக்கத்தில், எல்லா இடத்துக்கும் இதையே செய் என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் வைத்தாள். அழுத்தினாள்.

பச்சைக் கோடு பாய்ந்தது.

"சரியாயிடுச்சும்மா. இன்னிக்கே வந்துடும்."

அம்மாவின் முகம் திறந்துகொண்டது. அப்படியே சமையலறைக்குப் போனாள். இரண்டு நாளுக்குப் பிறகு அங்கே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, அரிசி களையும் சத்தம், அடுப்பு பற்றிக்கொள்ளும் சத்தம். மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்ல வேலை செய்திருக்கிறோம் என்றுதான் நினைத்தாள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள்.

கோடு முடிவைத் தொட்டபோது வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. மெஷினை அணைத்துவிட்டு, பழைய டிஸ்கின் ஆணிகளைக் கழற்றி அதை வெளியே எடுத்தாள். கதகதவென்று இருந்தது. இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டு விட்ட கை மாதிரி. அதைத் தலையணைமேல் வைத்தாள். அது இருந்த இடத்தில் புதுத் தகட்டைப் பொருத்தி, அதே கேபிளைச் செருகினாள். இடம் வேண்டும் என்று காலையில் ஸ்பீக்கரைக் கழற்றிப் பரண்மேல் வைத்தது அப்போது அவளுக்கு நினைவில்லை.

அம்மா தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்துகொண்டே வந்து, அறை வாசலில் நின்றாள்.

"போடு. குரலைக் கேட்டுட்டே சாப்பிடறேன்."

அழுத்தினாள்.

முனகல் இல்லை. பிறாண்டல் இல்லை. புள்ளிகள் ஓடவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் திரையில் படம் வந்து நின்றுவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவள் நினைக்கவில்லை. முன்பெல்லாம் எத்தனை நேரம் காத்திருப்பார்கள். எத்தனை நேரம் அவன்...

அந்த நினைப்பை அவள் முடிக்கவில்லை. அது தானாக முடிந்துகொண்டது. தினமும் எவ்வளவு தூரத்திலிருந்தோ அவன் புறப்பட்டிருக்கிறான். வந்துவிட்டேன் என்று சொல்லும் அளவுக்குத்தான் ஒவ்வொரு நாளும் வந்து சேர்ந்திருக்கிறான். உடனே அணைத்திருக்கிறார்கள். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. மூச்சு வாங்க.

இப்போது தூரமே இல்லை.

அறையில் சத்தம் இல்லை. குரல் வரவில்லை. அம்மா காத்திருந்தாள். கை சோற்றில் அப்படியே நின்றது.

"ஸ்பீக்கர் மாட்டலம்மா," என்றாள் அவள், பரண்மேல் பார்த்து. "இரு, நான் எடுத்து..."

"வந்து..."

குரல் நடையிலிருந்து வந்தது.

"வந்து... ம்மா. கத்... தே."

அண்ணனின் குரல்தான். அதே இழுப்பு, அதே சலிப்பு. இடையிடையே ஒன்றும் இல்லை. நிறுத்தம் இல்லை அது, மூச்சும் இல்லை. துணியில் எலி கடித்த இடம் மாதிரி, குரலில் ஓட்டை.

வாசல் கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி பினாயில் வாடை வந்தது. கூடவே சுட்ட தூசியின் வாடை.

அம்மா திரும்பினாள். அம்மாவின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. நடைக்குள் இருட்டு. அம்மா அதைப் பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று தெரியவில்லை. தோள்கள் மட்டும் மெல்ல இறங்கின, பாரத்தை இறக்கி வைத்தவளைப் போல.

"வாடா," என்றாள். "எவ்வளவு நேரம்டா?"

காலடி. ஒன்று. பிறகு இழுபடுகிற ஏதோ. பிறகு ஒன்றுமில்லாத ஒரு இடம். மறுபடி காலடி.

அவள் மேசைக்கு அடியில் பாய்ந்தாள். பிளக்கைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். பிடுங்கிக்கொண்டு வந்தது. திரை அணைந்தது, விசிறி நின்றது, பெட்டிக்குள் இருந்த சிறிய விளக்கும் செத்தது.

நடையில் காலடி நிற்கவில்லை.

"அம்மா, உள்ளே வாம்மா." மேசைக்கு அடியிலிருந்தே கூப்பிட்டாள். "அம்மா."

அம்மா நடைக்குள் இறங்கினாள். இருட்டு அவளை முழங்காலிலிருந்து மேலே மேலே எடுத்துக்கொண்டது.

"இளைச்சுட்டியேடா," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, வேறு குரலில், "என்னடா இது," என்றாள். பிறகு மறுபடி பழைய குரலிலேயே, குழந்தைக்குச் சொல்வது போல: "பரவால்ல. பரவால்ல. வந்தியே, அது போதும்."

அவள் எழுந்தாள். அறை வாசல். நடையின் சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. விரல் அதன்மேல் போய் நின்றது.

போடவேண்டாம்.

கண் இருட்டுக்குப் பழகியது. அம்மாவின் வெளுத்த சேலை முதலில் தெரிந்தது. அம்மா எதிரில் நிற்கிற எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அவ்வளவு உயரம் இல்லை. அதன் ஓரங்கள் இருட்டோடு சேர்ந்திருந்தன. சில இடங்களில் ஓரமே இல்லை, பின்னால் இருந்த சுவர் தெரிந்தது.

"சின்னவளே," என்றாள் அம்மா, திரும்பாமல். "லைட்டைப் போடேன். பிள்ளை பசியோட வந்திருக்கான்."

"அம்மா..."

"போடுடி. இவனுக்கு வாய் எங்கே இருக்குன்னே தெரியல எனக்கு."

விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. அம்மாவின் இடது கை அந்த உருவத்தின் மேல் பகுதியில், நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கீழே வந்தது, எதுவும் தட்டுப்படாமல் வழுக்கிக்கொண்டே கீழே வந்தது, மறுபடி மேலே போனது. தட்டு காலடியில் கிடந்தது; வலது கையில் ஒரு கவளம் சோறு. அம்மா அதை உயர்த்திப் பிடித்து, இங்கே, இல்லை இங்கே என்று அந்த வழவழப்பின் மேல் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருக்கைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"ஆ காட்டு, கண்ணா," என்றாள் அம்மா. "ஆ காட்டு."